கிளிக்குச் சொன்ன அறிவித்தல்

அவர் ஒரு பெயரையும் விடமாட்டார்.

செத்த வீட்டு அறிவித்தல் சொல்வது அவருடைய தொழில். ஓட்டோ என்னுடையது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தோம். பின் இருக்கையில் அவர் மைக்கோடு இருப்பார். நான் ஓட்டுவேன். உரும்பிராயிலிருந்து அச்சுவேலி தாண்டி வல்லை வரைக்கும், இந்தப் பக்கம் இணுவில் மட்டும், ஒன்பது வருடம் அப்படிப் போனோம். எனக்குக் கதை குறைவு. அவருக்கு அது வசதி.

செத்த வீட்டுக்குப் போனால் முதலில் கொப்பியை எடுப்பார். பிறந்த ஊர், இருந்த ஊர், தாய் தகப்பன், பெண்சாதி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், சகலன், சம்பந்தி. எல்லாம் எழுதுவார். எழுதி முடித்ததும் ஆளை நிமிர்ந்து பார்த்து ஒரு சொல் கேட்பார்.

“வேறை?”

அழுதுகொண்டிருக்கிறவர்களும் அந்தச் சொல்லுக்கு நின்று யோசிப்பார்கள். கனடாவில் இருக்கிற சின்ன மருமகன் விடுபட்டது அப்போதுதான் ஞாபகம் வரும். எழுதுவார். திரும்பவும் “வேறை?” என்பார். ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்லும் மட்டும் கொப்பியை மூடமாட்டார்.

ஒரு வீட்டில் மூத்த மகன் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னான்.

“அண்ணை, கடைசித் தங்கச்சியின்ரை பேர் வேண்டாம். அவ எங்களை வேண்டாமெண்டு போனவ.”

“செத்தவருக்கு மகள்தானே?”

“மகள்தான். ஆனால் பேர் வேண்டாம்.”

“அப்ப வேறை ஓட்டோ பிடியுங்கோ தம்பி.”

“உங்களுக்கென்ன அண்ணை? சொல்லுறதுதானே உங்கடை வேலை?”

“ஓம். சொல்லுறதுதான் என்ரை வேலை. விடுறது இல்லை.”

வந்து ஓட்டோவில் ஏறினார். நான் ஸ்ராட் பண்ணினேன். ஒழுங்கை முடியும் முன்னம் அந்த மகன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னால் வந்தான். பேரைச் சொன்னான். இவர் ஓட்டோவுக்குள் இருந்தபடியே எழுதினார். எழுதிவிட்டு, “வேறை?” என்றார்.

வல்லை வெளியில் வீடு கிடையாது. உப்புக் காற்றும் தண்ணீரும்தான். அதிலும் மைக்கை நிறுத்தமாட்டார். மழைக்குள்ளும் சொல்லிக்கொண்டு வருவார்.

“ஆருக்கண்ணை சொல்லுறியள்? கொக்குக்கோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆரும் சைக்கிளிலை வரலாம்,” என்றார்.

அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. அறிவித்தலைக் கடைசி வரை சொன்னார்.

கிளி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அச்சுவேலியில் வேலை முடித்துத் திரும்பி வந்தோம். எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றடியில் நாலைந்து காகம் நிலத்தில் எதையோ சுற்றி நின்று கொத்தின. நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கையைத் தட்டிக் கலைத்தார். மிளகாய்க் கன்றுகளுக்குள் ஒரு கிளி ஒடுங்கிக் கிடந்தது. குனிந்து விரலை நீட்டினார். காட்டுக் கிளி என்றால் கடிக்கும். இது விரலில் ஏறியது. கை வழியே மெல்ல நடந்து தோளுக்கு வந்தது. அவருடைய கொலரோடு ஒட்டி இருந்து கண்ணை மூடியது.

“வீட்டுக் கிளி,” என்றார். “ஆரோ தேடுவினம்.”

நேரே மாட்டு டொக்டரிடம் கொண்டுபோனோம். இளம் பெண்பிள்ளை. சிறகை விரித்துப் பார்த்தாள்.

“கூட்டிலை வளந்தது ஐயா. சிறகை வெட்டியிருக்கினம், அரைவாசிதான் முளைச்சிருக்கு. இதுக்குத் தானாய் இரை தேடத் தெரியாது. விட்டால் காகம் கொத்திப் போடும். சூடாய் வைச்சிருங்கோ. தண்ணி குடுங்கோ.”

“சாப்பிடுமோ?”

“தங்கடை ஆக்களைக் காணாட்டிச் சிலது சாப்பிடாது. கெதியாய் ஆளைத் தேடுங்கோ. கனநாள் தாங்காது.”

அவருடைய வீட்டில் அவரும் பெண்சாதியும்தான். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒரு மட்டைப் பெட்டிக்குள் பழைய சாரத்தை விரித்து, விறாந்தையில் வைத்தா. கதலிப்பழம் வைத்தா. கொய்யா, பச்சை மிளகாய், ஊறவைத்த கடலை, சோறு எல்லாம் வைத்தா.

“மருமோன் வந்தண்டைக்கும் நான் இவ்வளவு வைக்கேல்லை,” என்றா.

கிளி ஒன்றையும் தொடவில்லை. கரண்டியில் தண்ணீர் வைத்தால் இரண்டு சொட்டுக் குடிக்கும். பிறகு தலையைச் சிறகுக்குள் வைக்கும். ஒரு சத்தமும் போடவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை எடுத்தார். செத்த ஆளுக்கு எழுதுகிற மாதிரியே எழுதினார். ஆண் கிளி. கழுத்தில் சிவப்பு வளையம். வலது சிறகு வெட்டி முளைத்தது. இடது காலில் செப்புக் கம்பி, மூன்று சுற்று. மேல் சொண்டில் ஒரு வெடிப்பு. எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வேறை?”

நான் குனிந்து பார்த்தேன். “வலது காலிலை ஒரு நகம் இல்லை,” என்றேன். எழுதினார்.

அப்போது எனக்கு ஒன்று பட்டது. எல்லா அடையாளத்தையும் நாங்களே சொல்லிவிட்டால், வருகிறவன் எதைச் சொல்லி நிறுவுவான்? ஒன்றையாவது சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொப்பியை மூடிவிட்டார். நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலமையே வெளிக்கிட்டோம். அவருக்கு ஒரு குரல்தான் இருந்தது. கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துச் சொல்வார். எங்கள் ஓட்டோச் சத்தம் கேட்டாலே சனம் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசல் படலைக்கு வரும்.

“அறிவித்தல். உரும்பிராய்த் தோட்டக் கிணற்றடியில் கிளி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. அன்னார் ஆண் கிளி ஆவார்.”

பழக்கத்தில் வந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு மனிசி மாக் கையோடு ஓடி வந்தா.

“ஐயோ, ஆர் அண்ணை போட்டினம்?”

“ஒருதரும் போகேல்லை. கிளி ஒண்டு எடுத்தது. ஆக்களைத் தேடுறம்.”

“அதை ஏன் அண்ணை உந்தக் குரலிலை சொல்லுறியள்? என்ரை நெஞ்சு அடிச்சுப் போச்சு.”

“எனக்கு உந்தக் குரல்தான் இருக்கு தங்கச்சி.”

இணுவில் கோயில் வீதி வரைக்கும் போனோம். போன இடமெல்லாம் சிவப்பு வளையம், செப்புக் கம்பி, மூன்று சுற்று, சொண்டில் வெடிப்பு, இல்லாத நகம். ஒன்றும் விடவில்லை. வீட்டு விலாசமும் சொன்னார்.

வியாழக்கிழமை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் புதுக் கூட்டோடு வந்தான். கூட்டில் கடையின் விலைத் துண்டு இன்னும் தொங்கியது. செப்புக் கம்பி மூன்று சுற்று என்றான். பிறகு லண்டனிலிருந்து வந்து நிற்கிற ஒரு குடும்பம். பிள்ளை அழுதது. வலது காலில் நகம் இல்லை என்று பிள்ளையே சொன்னது. பிறகு ஒரு மாஸ்டர். சொண்டு வெடிப்பிலிருந்து தொடங்கி ஒழுங்காகச் சொன்னார். மாலைக்குள் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் இவர் “வேறை?” என்று கேட்டார். ஒருவரிடமும் வேறை இருக்கவில்லை. கிளியை ஒவ்வொருவருடைய கையிலும் வைத்துப் பார்த்தார். அது தலையை எடுக்கவே இல்லை.

பிறகு சொல்லுறன் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

“அஞ்சு பேரும் சரியாய்த்தான் சொல்லுகினம்,” என்றார்.

“நீங்கள் சொன்னதைத்தானே அண்ணை சொல்லுகினம்.”

என்னைப் பார்த்தார்.

“உனக்கு எப்ப உது தெரியும்?”

“நீங்கள் எழுதேக்கை.”

“அப்ப ஏன்ரா சொல்லேல்லை?”

அவர் பெட்டிக்குள் பார்த்தார். கிளியின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

“ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன். இனி எதைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறது?” என்றார்.

வெள்ளிக்கிழமை காலமை அந்த அம்மா வந்தா. ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலை. கையில் பிடி கழன்ற கறுப்புக் குடை. பஸ்ஸில் வந்ததாகச் சொன்னா. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா.

“எங்கடை போலத்தான் கிடக்கு,” என்றா.

“அடையாளம் என்ன தங்கச்சி?”

“பச்சைக் கிளி.”

“காலிலை என்ன கிடக்கு?”

“நான் அதுகளைப் பாக்கிறேல்லை அண்ணை. அது எங்கடை வீட்டுக்காரரின்ரை கிளி. அவர்தான் பழம் தீத்துவார், அவர்தான் சிறகு வெட்டுவார். அவருக்குப் பாரிசவாதம் வந்து இப்ப ஒரு வருசம். கிடையிலை கிடக்கிறார். வாய் வராது.”

“கிளி எப்பிடித் தப்பினது?”

நிலத்தைப் பார்த்தா. “நான்தான் கூட்டைத் துறந்து விட்டனான்.”

“துறந்து விட்டிட்டு இப்ப தேடுறியளோ?”

“கிளி போனதிலையிருந்து அவர் வாயே துறக்கிறாரில்லை. கஞ்சி வைச்சாலும் முகத்தைத் திருப்பிப் போடுறார்.”

அவர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் கண்டேன்.

“கிளி கதைக்குமோ?”

“கதைக்கும்.”

“இஞ்சை வந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அதைப் பற்றி நான் மைக்கிலையும் சொல்லேல்லை. என்ன கதைக்கும்? அதை மட்டும் சொல்லுங்கோ, காணும்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பிடித்தா. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

“அதெப்பிடி அண்ணை நான் சொல்லுறது?”

“ஏன், தூசணமோ?”

“சீ, இல்லை.”

“அப்ப என்ன?”

“அதை விடுங்கோ.”

விடுவது அவருக்கு வராத காரியம். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அந்த அம்மா தலையைத்தான் ஆட்டினா. அவருடைய முகம் மாறியது. முதல் நாள் ஐந்து பேர் ஏமாற்றப் பார்த்த கோபமும் இருந்தது.

“ஒண்டையும் சொல்லாமல் நான் எப்பிடித் தாறது தங்கச்சி? நாளைக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தக் கிளியைத் தெரிஞ்ச ஆராவது.”

“பிள்ளையள் வெளிநாட்டிலை அண்ணை. ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது?”

அந்த அம்மா இன்னொருக்கால் பெட்டிக்குள் பார்த்தா. குடையை எடுத்துக்கொண்டு போனா. பஸ் உடனே வந்தது.

பெட்டிக்குள் கிளி நடுங்கியது. சூடு வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் அக்கா பெட்டியை எடுத்துப் போய்க் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தா. பிறகு திருவலையில் இருந்து தேங்காய் துருவத் தொடங்கினா. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

“இஞ்சாரும்!”

ஆம்பிளைக் குரல். நல்ல தெளிவு. அதட்டல் இல்லை, அன்பாகக் கூப்பிடுகிற குரல்.

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இஞ்சாரும் என்பார்கள். வீட்டுக்குள்ளே, இரண்டு பேருக்கு இடையில் புழங்குகிற சொல். அதைப் பிற ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒரு பெண் தன் வாயால் சொல்லிக் காட்டமாட்டாள்.

“என்னப்பா?” என்றா அக்கா குசினிக்குள்ளிருந்து.

“நான் கூப்பிடேல்லையே,” என்றார் இவர்.

நாங்கள் உள்ளே போனோம். அக்கா துருவுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தா. கிளி தலையை நிமிர்த்தித் திருவலையைப் பார்த்தது. அந்த வீட்டில் தேங்காய் துருவுகிற நேரம் அந்த மனிசன் கூப்பிடுவார்போல. குரல் போய் ஒரு வருடம். கிளியிடம் அது மிச்சம் இருந்தது. அந்த அம்மா ஏன் கூட்டைத் திறந்து விட்டா என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிடையில் ஊமையாகக் கிடக்கிற மனிசனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தக் குரலை ஒவ்வொரு நாளும் எப்படிக் கேட்பது?

“ஓட்டோவை எடு,” என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். சந்திக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

“அந்த அம்மா எந்த ஊர் எண்டு சொன்னவவோ?”

“சொல்லேல்லை.”

“பேர்?”

“நீங்கள் கேக்கேல்லை அண்ணை.”

ஆயிரம் செத்த வீட்டில் சகலன் பெயர்வரை கேட்டு எழுதின மனிசன். நெற்றியில் கையால் அடித்தார்.

பஸ் போன வழியே போனோம். புதன்கிழமை அறிவித்தல் சொன்ன எல்லா ஊருக்கும் போனோம். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

“அறிவித்தல். இன்று காலமை கிளி பார்க்க வந்த அம்மா. கத்தரிப்பூ நிறச் சேலை. கறுப்புக் குடை. கிளி உங்களுடையது. வந்து எடுக்கவும்.”

ஒரு கடை வாசலில் நின்ற பெடியன் ஒருவன் கத்தினான். “ஐயா, அம்மாவுக்குப் பேர் கிடையாதோ? குடைக்காவது பேர் இருக்கோ?”

கிளியை மைக்குக்குக் கிட்டப் பிடித்தார். கதைக்கட்டும் என்று. அது கதைக்கவில்லை. இணுவிலுக்குள் வந்தபோது பின்னேரமாகிவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மைக்கில், அந்தச் செத்த வீட்டுக் குரலில், கூப்பிட்டார்.

“இஞ்சாரும். இஞ்சாரும்.”

ஒழுங்கை முழுக்கப் பெண்கள் படலைக்கு வந்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்தாள்.

“உவருக்கு உந்த வயதிலை என்ன விசரடி?”

“ஐயா, நான் வரட்டோ?” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. ஓர் ஒழுங்கையில் நீலத் தகரப் படலை ஒன்று ஒரு சாண் திறந்ததை நான் ஓட்டோவின் பக்கக் கண்ணாடியில் கண்டேன். எதிர் வீட்டுப் பெட்டைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். படலை மூடிக்கொண்டது. யாரோ எட்டி விடுப்புப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. ஓட்டோ அதற்குள் ஒழுங்கையைத் தாண்டிவிட்டது. நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவர் பஸ் நிற்கிற இடத்தில் நின்றார். அந்த அம்மா வரவில்லை. அன்றைக்கு ஒரு செத்த வீட்டு வேலை வந்தது. வேண்டாம் என்றார். ஒன்பது வருடத்தில் அது ஒன்றுதான். அக்கா சமையல் வேலை இல்லாமலே திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கிளி ஒருமுறை கண்ணைத் திறந்தது. கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலமை பெட்டிக்குள் சரிந்து கிடந்தது. தேசிக்காய் மரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டோம். செப்புக் கம்பியை அவர் கழற்றவில்லை.

பிறகு மூன்று கிழமை போயிருக்கும். இணுவிலில் ஒரு செத்த வீடு என்று போன் வந்தது. விலாசத்தைக் கேட்டுப் போனோம். ஒழுங்கைக்குள் திரும்பியதும் எனக்கு விளங்கிவிட்டது. நீலத் தகரப் படலை. இப்போது இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது.

அந்த அம்மாதான் வெளியே வந்தா. வெள்ளைச் சேலை. விறாந்தை மூலையில் கூடு தொங்கியது. கதவு திறந்தபடி. இவர் கூட்டைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். கொப்பியை எடுத்தார்.

“கிளி செத்துப்போச்சு தங்கச்சி,” என்றார் முதலில். “நீங்கள் வந்து மூண்டாம் நாள்.”

அந்த அம்மா தலையை ஆட்டினா.

பிறகு கேட்டார். பிறந்த ஊர், தாய் தகப்பன், பிள்ளைகள். அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னா. தன்னுடைய பெயரையும் சொன்னா. எழுதினார். முடிந்ததும் பழக்கத்தில் நிமிர்ந்தார்.

“வேறை?”

அந்த அம்மா திறந்து கிடந்த கூட்டைப் பார்த்தா.

“நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது அண்ணை. அவருக்கும் கேட்டது. படுக்கையிலை தலையைத் திருப்பி என்னைப் பாத்தவர். நான் படலை மட்டும் ஓடி வந்தனான். துறந்தும் போட்டன். எல்லாரும் நிண்டு சிரிச்சினம். அந்தச் சொல்லுக்கு நான் எப்பிடி அண்ணை வெளியிலை வாறது? உள்ளுக்குத் திரும்பிப் போயிட்டன்.”

அவர் பேனையைப் பிடித்தபடியே இருந்தார்.

“வேறை ஒண்டும் இல்லை அண்ணை,” என்றா. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டா.

ஓட்டோவில் ஏறினோம். ஒழுங்கை முடிந்த இடத்தில் அவர் கேட்டார்.

“படலை துறந்ததை நீ கண்டனியோ?”

“கண்டனான்.”

இந்த முறை ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை.

சந்தி வந்தது. சனம் எங்கள் ஓட்டோவைக் கண்டு கடை வாசல்களுக்கு வந்து நின்றது. அவர் மைக்கை எடுத்துச் சுவிச்சைத் தட்டினார். கொப்பியை விரித்தார். கனநேரம் இரண்டு ஒலிபெருக்கியிலும் அவருடைய மூச்சு மட்டும் ஊருக்குக் கேட்டது.